ஆம்ப்ரோஸ் பறந்தால் கடலுக்குப் போகலாம்

சாந்தோம் மாதாகோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தின் கோடியில், ஓடு வேய்ந்த சின்ன வீட்டில் ஆம்ப்ரோஸ் தனியாகக் குடியிருந்தார். விடிவதற்கு முன் எழுந்திருப்பார். தாமே காப்பி போட்டுக் குடிப்பார். ஒரே ஒரு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். வழியில் யாராவது, "எங்கே ஸார் இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டால், "வேலைக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவருடைய வேலை ஆகாயத்தில் பறப்பது!

ராயப்பேட்டைத் தோல் வியாபாரி ஹபீபுர் ரஹ்மான் சாயபுவிடம் அவர் முதலில் மோட்டார் டிரைவராகத்தான் சேர்ந்தார். சாயபு எதையும் ஆசைப்பட்டால் வாங்காமல் விடமாட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்தில் பரங்கிமலைக்கு அப்பால் இருந்த மைதானத்தில் ஆகாய விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, தமக்கும் ஒன்று வேண்டும் என்று சீமையிலிருந்து தருவித்தார். மிகச் சின்ன விமானம் அது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்குச் சிறகு. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டே ஆசனம். தலைக்கு மேல் கூரை கிடையாது. ஓட்டுகிறவர் பின் ஆசனத்தில் உட்கார வேண்டும். முன் ஆசனம், கூட வருகிறவருக்கு.

ஆம்ப்ரோஸையே பறக்கப் பழகிக்கொள்ள அனுப்பினார் சாயபு. ஆம்ப்ரோஸும் பழகிச் சர்ட்டிபிகேட் வாங்கிவிட்டார். ஒரு நல்ல நாளில் சாயபு புது ஷெர்வானி அணிந்து, அத்தர் பூசிக்கொண்டு, முன் ஆசனத்தில் ஏறினார். கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்தைத் தாண்டுவதற்குள் காலையில் சாப்பிட்டது அத்தனையும் வெளியே வந்துவிட்டது. கீழே இறங்கியதும் ஆம்ப்ரோஸின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஆம்ப்ரோஸ், அல்லா ரெக்கை குடுத்தது பறவைக்கு. எனக்கு வயிறுதான் குடுத்திருக்கான். இனிமே நீயே ஓட்டு. ஆனா மெஷின் தூங்கக் கூடாது, ஆமா! தினம் காலையிலே ஒரு சுத்து சுத்திட்டு வா."

அன்று முதல் ஆம்ப்ரோஸ் தினமும் காலையில் தனியாகப் பறந்தார். அவருக்கு எதிரே முன் ஆசனம் காலியாகவே இருந்தது.

காலியாகவா இருந்தது? மற்றவர்கள் கண்ணுக்கு அப்படித்தான்.

அவருடைய மனைவி கிளாடிஸ் கான்வென்டில் சின்னக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். கணவன் பறக்கப் பழகப் போகிறான் என்று கேட்டதும் மற்றப் பெண்களைப் போல அவள் அழவில்லை. கையைத் தட்டிச் சிரித்தாள்.

"மொதல்லே என்னைத்தான் கூட்டிட்டுப் போகணும். சாயபு எல்லாம் அப்புறம். நம்ம வீட்டு ஓட்டுக்கு மேலேயே போகணும், தெரிஞ்சுதா? எதிர் வீட்டு ரெஜினா பார்த்து வயிறெரியணும்!"

அவர் சர்ட்டிபிகேட் வாங்குவதற்குள் பிரசவ ஜுரம் அவளைக் கொண்டுபோய்விட்டது. குழந்தையும் தாயோடு போய்விட்டது. அடையாற்றின் ஓரத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் ஒரே குழி. அதன் பிறகு ஆம்ப்ரோஸ் அந்தத் தோட்டத்துக்குள் காலடி எடுத்து வைக்கவில்லை. கீழே போனால் அவள் கல்லாக இருக்கிறாள். மேலே போனால் முன் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பேதை மனம்! அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவும் வேண்டுமா?

'இந்தப் பரந்த உலகத்தில் என்னை நினைத்துத் தலை நிமிர்ந்து பார்க்க ஓர் உயிர் இல்லை' என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அது தவறு. தினமும் காலையில் ஓர் ஊரே அவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது.

அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, மணல் மேட்டில் ஊரூர் குப்பம் இருக்கிறது. கட்டுமரம் ஏறி மீன் பிடிக்கிற ஜனங்கள். வானம் தெளிவாக இருந்தால் அவர்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கறுத்து இடித்தாலும் கேட்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் வானம் இரண்டு மனசாக இருக்குமே, அன்றைக்குத்தான் தொல்லை. துறைமுகத்தில் புயல் கொடி ஏற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துறைமுகமோ வெகு தூரம். போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் மீன் போய்விடும்.

குப்பத்துத் தலைவர் மாசிலாமணிக்கு ஒரு நாள் இந்த யோசனை தோன்றிற்று. துறைமுகத்தில் கொடி ஏற்றிய நாளில் ஏரோப்ளான் வருவதில்லை. ஏற்றாத நாளில் தவறாமல் வருகிறது. இரண்டு மழைக் காலம் கவனித்தார். ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை. அதிலிருந்து சந்தேகமான நாட்களில் குப்பத்தார் கட்டுமரங்களைத் தண்ணீர் ஓரத்தில் நிறுத்திக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பார்கள். ஏரோப்ளான் தலைக்கு மேலே வந்தால் கடலுக்குப் போகலாம். வராவிட்டால் வலையைச் சுருட்டலாம். மேலே இருப்பவர் வெள்ளைக்காரத் துரை என்றும், அவருக்குக் கம்பியில்லாத் தந்தியில் புயல் சமாசாரம் எல்லாம் வந்துவிடும் என்றும் அவர்கள் நம்பினார்கள்.

முப்பத்து மூன்றாம் வருஷம், நவம்பர் மாதம், கல்லறைத் திருநாள். கத்தோலிக்க ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போய், வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற நாள். முதல் நாள் சாயங்காலம் அடுத்த தெருவிலிருந்து ஆம்ப்ரோஸின் அக்காள் லூயிசா வந்தாள்.

"நாளைக்காவது எங்க கூட வாடா, தம்பி."

"நான் மேலேருந்து பூ போட்டுடறேன், அக்கா."

"நல்லாப் போட்டே! போன வருஷம் நீ போட்ட மாலை எங்கே விழுந்துச்சு தெரியுமா? பவுல்சாமி வாத்தியார் தலையிலே. மனுஷர் கண்ணை மூடி அவர் பெண்டாட்டிக்காக ஜெபிச்சுக்கிட்டிருக்கார், தொப்புனு விழுது! செத்தவளே வந்துட்டான்னு அலறிட்டார்."

ஆம்ப்ரோஸுக்குச் சிரிப்பு வந்தது. லூயிசாவுக்கு அழுகை வந்தது.

"முட்டி போட்டு ஒரு மெழுகுவத்தி ஏத்த உனக்கு மனசு வரலையே. அவ என்னடா பாவம் பண்ணினா?"

"நாளைக்கு அவ பக்கத்திலேதான் அக்கா இருப்பேன்" என்றார் ஆம்ப்ரோஸ். லூயிசாவுக்கு அது விளங்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடிந்தபோது வானம் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கிழக்கே சாம்பல் நிறம். மேற்கே வெளிச்சம். காற்று நின்று நின்று அடித்தது. மைதானத்து உத்தியோகஸ்தர், "துறைமுகத்திலே இன்னும் ஒன்றும் ஏற்றவில்லை. போவதும் போகாததும் உம் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார்.

விமானத்தின் முன்விசிறியைச் சுழற்றிவிடும் மெக்கானிக் குலாம் ரசூல், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னிக்கு ஒரு நாள் வோணாம் பாய். காத்து விக்கல் எடுக்குது, பாரு. நமக்கே இப்டி சந்தேகம் வந்த நாள்லே நீ ஏறுனதே கெடையாது."

"இன்னிக்கு மட்டும், ரசூல். ஒரே ஒரு சுத்து."

"பொஞ்சாதிக்குப் பூ போடணும், அதானே? நாளைக்குப் போட்டா அந்த அம்மா கோவிச்சுக்குமா?"

"நாளைக்குக் கல்லறைத் திருநாள் இல்லையே."

ரசூல் கட்டியிருந்த கையைப் பிரித்தான். "காண்டாக்ட்!" என்று கத்தி விசிறியை இழுத்துவிட்டான். இயந்திரம் உறுமியது. ஆம்ப்ரோஸ் சாமந்தி மாலையை முன் ஆசனத்தில் வைத்து, அது பறந்துவிடாமல் தோல் வாரைப் போட்டுக் கட்டினார், ஒரு பெண்ணை உட்கார வைத்துக் கட்டுவது போல.

கிண்டிக் காட்டுக்கு மேலே காற்று விமானத்தை முறத்தில் போட்டுப் புடைத்தது. அடையாறு வந்ததும் சற்று அமைதி. இடது பக்கம் மயிலாப்பூர்க் கோபுரமும் குளமும், அதற்கப்பால் சாந்தோம் மாதாகோயிலின் கூர்முனை. நேர் கீழே கல்லறைத் தோட்டம். பகலிலேயே நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகள் மினுங்கின. வெள்ளை உடைகளும் குழந்தைகளும் தெரிந்தன. எல்லோருக்கும் யாராவது இருந்தார்கள். ஆம்ப்ரோஸ் விமானத்தைத் தாழ இறக்கி, கையை நீட்டி முன் ஆசனத்து வாரை அவிழ்த்து, மாலையை எடுத்து வீசினார். அது காற்றில் பிரிந்து, மஞ்சள் மஞ்சளாய்ச் சிதறி, ஆற்றில் பாதியும் கரையில் பாதியுமாக விழுந்தது.

அவரால் தாங்க முடியவில்லை. கண்ணாடிக்குள் கண்ணீர் முட்டியது. உடனே திரும்பிப் போக மனமில்லாமல், வழக்கம்போலக் கடற்கரைப் பக்கம் வளைந்தார்.

ஊரூர் குப்பத்து மணலில் அன்று ஆண்களும் பெண்களும் கூட்டமாக நின்றிருந்தார்கள். கட்டுமரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. போவதா, வேண்டாமா என்று ஒரே வாக்குவாதம். குப்பன் என்பவன்தான் பெரிய அவசரக்காரன். அவன் பெண்டாட்டி கோவிந்தம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இரு நைனா! ஏரோப்ளானு வரட்டும்."

"வருது பாரு, வருது பாரு! இன்னா, இப்போ வுடுவியா?"

"வந்தா மட்டும் போதாது. இன்னிக்கு எனக்கு மனசு சரியில்லே. நான் கேக்கறேன், இரு."

கோவிந்தம்மா தண்ணீர் ஓரமாக ஓடினாள். முந்தானையை உருவித் தலைக்கு மேலே பிடித்து வீசினாள். 'போகலாமா, துரையே? என் புருஷனை அனுப்பலாமா?' என்பது அவள் கேள்வி.

மேலே இருந்த ஆம்ப்ரோஸ் கண்டது என்ன? ஒரு பெண்! அவரைப் பார்த்துக் கையசைக்கிறாள்! இத்தனை நாளில் யாரும் செய்யாத காரியம். கிளாடிஸ் இருந்திருந்தால் அப்படித்தான் வீட்டு வாசலில் நின்று அசைத்திருப்பாள். அந்தத் தனிமையான உள்ளம் பொங்கிற்று. அவர் விமானத்தின் சிறகை இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை சாய்த்தார். 'வணக்கம் அம்மா' என்பது அவர் பதில்.

ஐயோ! கீழே அது எப்படிப் படிக்கப்பட்டது!

"தலையாட்டிட்டாரு!" என்று கூவினாள் கோவிந்தம்மா. "போலாம்ன்னுட்டாரு நைனா, போ, போயிட்டு வா!"

கட்டுமரங்கள் அலையில் இறங்கின. குப்பனுடையது முதலில் போயிற்று.

ஆம்ப்ரோஸ் கல்லறைத் தோட்டத்தை இன்னும் வெகு நேரம் வட்டமிட்டுவிட்டு மேற்கே திரும்பி, கிண்டியை நோக்கிப் பாதி தூரம் போயிருப்பார். ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தார். தென்கிழக்கில் கடலின் விளிம்பைக் காணவில்லை! ஆகாயத்திலிருந்து கடல் வரைக்கும் கறுப்புச் சுவர் ஒன்று எழும்பி, அடிப்பக்கம் வெள்ளை நுரையோடு நகர்ந்து வந்தது. கீழே நின்றவர்களுக்கு அது இன்னும் தெரிந்திராது. அந்தச் சுவருக்கும் கரைக்கும் நடுவே, தீக்குச்சிகளைக் கொட்டியது போலக் கட்டுமரங்கள்.

மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. மைதானம் பத்திரமாகக் காத்திருந்தது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அவர் நெஞ்சு அந்தப் பக்கம் போயிற்று. பிறகு விமானத்தைக் கடலை நோக்கித் திருப்பினார்.

அலையைத் தொடுகிற உயரத்தில் கட்டுமரங்களுக்கு மேலே பறந்தார். கையை வீசிக் கரையைக் காட்டினார். தொண்டை கிழியக் கத்தினார். இயந்திர ஓசையில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. கட்டுமரத்துக்காரர்களோ துடுப்பைத் தூக்கி ஆட்டி ஆரவாரித்தார்கள். துரை இவ்வளவு கிட்ட வந்து விளையாடுகிறார் என்றால் கடலுக்கு என்ன குறை? அவர் சுற்றச் சுற்ற அவர்கள் இன்னும் உற்சாகமாக வலையை இறக்கினார்கள். தம்மைப் பார்த்துத்தான் அவர்கள் அங்கே நிற்கிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மழையின் முதல் சாட்டை முகத்தில் விழுந்தது. கரையில் இருப்பவர்களிடம் சொல்லி அழைக்கச் செய்வதைத் தவிர வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை. அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே ஈர மணல் நீளமாகக் கிடந்தது. அதில் இறக்கினார். சக்கரம் ஓடிற்று, ஓடிற்று, பிறகு இளமணலில் புதைந்தது. விமானம் மூக்கைக் குத்தி, வாலைத் தூக்கி நின்றது. முன்விசிறி சுக்கு நூறாயிற்று.

ஜனங்கள் ஓடி வந்தார்கள். நெற்றியில் இரத்தம் வழிய இறங்கிய ஆம்ப்ரோஸ், தோல் குல்லாயையும் கண்ணாடியையும் கழற்றினார்.

"அட! நம்ம ஆளுடா!" என்றது ஒரு குரல். "தொரைன்னு சொன்னியே மாசிலாமணி?"

"சாந்தோம் ஆள் நான். அதை விடுங்க! கட்டுமரத்தை எல்லாம் கூப்பிடுங்க! தென்கிழக்கே பெரிய புயல். புகை போடுங்க, ஏதாவது பண்ணுங்க!"

மாசிலாமணி கடலைப் பார்த்தார். பிறகு குத்திட்டு நின்ற விமானத்தைப் பார்த்தார்.

"புகை வோணாம் ஸார். நீ கீழே வந்துட்டியே, அதான் புகை. பாரு, திரும்பறாங்க."

உண்மைதான். கிட்டே இருந்த கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன.

"எனக்கு ஒண்ணும் புரியலையே?"

"நீ பறந்தா நாங்க போவோம். நீ வராட்டி நாங்க குந்திக்கினு இருப்போம். ஹார்பர்லே கட்டற கொடி எங்க கண்ணுக்குத் தெரியாது ஸார். எங்களுக்கு நீதான் கொடி. இன்னிக்கு எங்களுக்கு ரெண்டு மனசாத்தான் இருந்துச்சு. நம்ம கோவிந்தம்மா கேட்டா, நீயும் தலையாட்டினே."

ஆம்ப்ரோஸ் அந்த ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்மை நிமிர்ந்து பார்க்க ஓர் உயிர் இல்லை என்று எண்ணிய மனிதர்! அவரைப் பார்த்துத்தான் இத்தனை உயிர்கள் கடலில் இறங்கினவா?

மழைச் சுவர் கரையைத் தொட்டது. அதற்குள்ளிருந்து கட்டுமரங்கள் வந்து மோதின. இருமிக்கொண்டும், வைதுகொண்டும், சிரித்துக்கொண்டும் ஆட்கள் எழுந்து வந்தார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். குப்பன் வரவில்லை. அவன் எல்லோருக்கும் முன்னால் வெகு தூரம் போயிருந்தான். அவனுக்கும் கரைக்கும் நடுவே மழை விழுந்துவிட்டது. விமானம் இறங்கியதை அவன் பார்த்திருக்க முடியாது.

அன்று முழுவதும் கோவிந்தம்மா தண்ணீர் ஓரத்தை விட்டு நகரவில்லை. ஆம்ப்ரோஸும் நகரவில்லை. இருவருக்கும் இடையே நாலு ஆள் நிற்கிற இடைவெளி. சாயபு மோட்டாரில் வந்தார். உடைந்த விமானத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், "மெஷின் கெடக்குது போ! நீ முழுசா இருக்கியே" என்று சொல்லித் தம் சால்வையை அவர் மேல் போர்த்தினார். ஆம்ப்ரோஸ் அதை எடுத்துப் போய்க் கோவிந்தம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் சும்மாத்தான் ஆட்டினேன், அம்மா" என்றார். "நீ கையசைச்சே. யாரும் எனக்குக் கையசைச்சதில்லே. அதான்..."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். கோபம் இல்லை.

"நீ ஆட்டினே. ஆனா, போன்னு சொன்னது யாரு? நான் இல்லே சொன்னேன்? கையப் புட்சிக்கினு இருந்தேன் ஸார். நானே வுட்டேன்."

பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே சந்தேகமா கீதுன்னா பறக்காதே. அவ்ளோதான்."

குப்பனின் கட்டுமரம் திருவான்மியூருக்குத் தெற்கே ஒதுங்கிக் கிடைத்தது. குப்பன் கிடைக்கவில்லை.

ஆம்ப்ரோஸ் பறப்பதை விட்டுவிட்டார். சாயபு விமானத்தைப் பழுது பார்த்து வைத்தார். ரசூல் தினமும் அதைத் துடைத்து வைத்தான். ஆம்ப்ரோஸ் மைதானத்தின் பக்கம் போகவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். கோடை போய், அடுத்த மழைக் காலம் நெருங்கிய சமயம் ஒரு நாள் மாசிலாமணி அந்தச் சந்துக்கு வந்து சேர்ந்தார்.

"இன்னா ஸார், எங்கள இப்டி வுட்டுட்டியே? வானம் ரெண்டு மனசா இருந்தா கையப் பெசஞ்சிக்கினு நிக்கறோம்."

"என்னாலே ஒரு உயிர் போச்சு, மாசிலாமணி."

"ஒண்ணு போச்சு. நீ கீழே வந்து எத்தினி வந்துச்சு? அத்த நீ எண்ண மாட்டே. நாங்க எண்ணிக்கினு கீறோம்."

"கோவிந்தம்மா என்ன சொல்லுது?"

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "அது ஒண்ணும் சொல்லாது. அன்னிக்கே உன்னாண்ட சொல்லிட்டேன்னுச்சு."

ஆம்ப்ரோஸ் மறுபடியும் பறந்தார். முன் ஆசனத்துக் கிளாடிஸை அவர் முன்போல் கவனிக்கவில்லை. இப்போது அவர் பார்த்தது கீழே. குப்பத்து மணலுக்கு மேலே வரும்போது அத்தனை தலைகளும் நிமிரும். ஒரே ஒரு தலை நிமிராது. மீன் கூடையின் முன்னால் குனிந்தபடி இருக்கும். அத்தனை முகங்களை விட்டு, அவர் கண் அந்தக் குனிந்த தலையையே தேடும்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளும் வந்தது. சொல்லி வைத்தாற்போல் வானம் அன்றும் இரண்டு மனசாக இருந்தது. கிழக்கே சாம்பல், மேற்கே வெளிச்சம். மைதானத்து உத்தியோகஸ்தர் அதே வார்த்தையைச் சொன்னார்: "உம் இஷ்டம்." ரசூல் விசிறியில் கையை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

முன் ஆசனத்தில் சாமந்தி மாலை இருந்தது. அதை ஆம்ப்ரோஸ் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அங்கே மேலே அவருக்காகக் காத்திருக்கிறாள். கீழே வந்தால் கல். வெறும் கல்.

மாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

"இன்னிக்கு வேண்டாம், ரசூல். விமானத்தை உள்ளே தள்ளு."

சைக்கிளிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். லூயிசா அவரைக் கண்டு, ஒரு மெழுகுவத்தியைக் கையில் கொடுத்து விலகிப் போனாள். பவுல்சாமி வாத்தியார் மட்டும் தலையைத் தடவிக்கொண்டு, "இன்றைக்குத் தரைமார்க்கமாகவே வந்துவிட்டீரா? நல்லது" என்றார். ஆம்ப்ரோஸ் முழந்தாளிட்டார். கல்லின்மேல் பெயர் இருந்தது: கிளாடிஸ். அதன் கீழே பெயரிடப்படாத ஒரு குழந்தை. அவர் மாலையைச் சாத்திவிட்டு, கையை அந்தக் கல்லின்மேல் வைத்தார். வெயில் இல்லாததால் அது குளிர்ந்திருந்தது. மூன்று வருஷம் சேர்த்து வைத்த அழுகை எல்லாம் அன்று வெளியே வந்தது. முன் ஆசனத்தில் யாரும் இல்லை என்பதை அவர் அன்றுதான் ஒப்புக்கொண்டார்.

இதற்குள் வானத்தைப் பாருங்கள்! சாம்பல் நிறம் கலைந்து, பளீரென்று வெயில் அடித்துவிட்டது. புயலும் இல்லை, ஒரு தூறலும் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது.

தோட்டத்து வாசலில் கோவிந்தம்மா நின்றுகொண்டிருந்தாள். அவர் வீட்டுச் சந்தில் விசாரித்துக்கொண்டு இங்கே வந்திருந்தாள்; மீன் இல்லாத காலிக் கூடை இடுப்பில் இருந்தது.

"இன்னிக்கு நீ வர்லே" என்றாள்.

"சந்தேகமா இருந்துச்சு."

"குப்பத்துலே எல்லாரும் உன்னை வையறாங்கோ. நல்ல மீனாம். ஒருத்தனும் போவலே. மாசிலாமணியே வையறாரு."

"வெயில் வரும்னு எனக்குத் தெரியாது, அம்மா."

"தெரியாதுதான். தெரியாதப்போ நீ பறக்கலே, பாரு." அவள் கண் நிறைந்தது. "எல்லார் ஊட்டு ஆம்பளையும் இன்னிக்குக் கரையிலே குந்திக்கினு சீட்டாடறான். பார்த்துட்டுத்தான் வரேன்."

உள்ளே ஜனங்கள் தங்கள் தங்கள் கல்லறைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தம்மா அதை எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பூ வெக்கறதுக்கு ஒரு எடம் கீது" என்றாள் மெல்ல.

ஆம்ப்ரோஸ் திரும்பி உள்ளே போனார். கிளாடிஸின் கல்லிலிருந்து மாலையை எடுத்து, அதைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் கல்லின்மேல் வைத்து, மறு பாதியைக் கொண்டுவந்து கோவிந்தம்மாவின் கூடையில் போட்டார். இந்தத் தடவை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் ஆற்றோரமாகவே முகத்துவாரத்தை நோக்கி நடந்தாள். ஆம்ப்ரோஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெகு தூரத்தில், ஆறும் கடலும் சேருகிற இடத்தில், அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கூடையைக் கவிழ்ப்பது தெரிந்தது. பிறகு அவள் நிமிர்ந்தாள். ஒன்றும் பறக்காத அந்த வெறும் ஆகாயத்தை வெகு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆம்ப்ரோஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தனியாக, சாந்தோம் பக்கம் நடந்தார்.